வீடு மூச்சு விட வேண்டுமாம்

நெல்டா விட்லி அந்தக் கோடை முழுக்க இருமினாள். எழுந்ததும் இருமல், பாத்திரம் கழுவும்போது இருமல், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கிற அந்த நிசப்தத்தைத் தேடிப் பிடித்து அதிலும் ஓர் இருமல். மருந்துக் கடையில் கிடைத்த டானிக் எல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்கு அடியில ஈரம் இருக்கா?" என்றார்.

இருக்கிறதா என்றா கேட்கிறார்! அந்தப் பக்கத்தில் வீடுகளைத் தரையிலேயே உட்கார வைக்கிற வழக்கம் கிடையாது. சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி, அதன் மேல் உத்தரம் போட்டு, அதன் மேல் பலகை அடித்துத்தான் வீடு. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஓர் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருட்டு. அந்த இருட்டில்தான் தண்ணீர்க் குழாய், ஏசிக் குழாய், சிலந்தி, பாச்சை எல்லாம் குடித்தனம் நடத்தின. இப்போது அவற்றோடு பூஞ்சணமும் சேர்ந்துகொண்டது. படுக்கையறையில் செருப்பைக் கழற்றிப் போட்டால் நாலு நாளில் அதன் மேல் பச்சை படிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய சாக்கு வாடை.

"ஒண்ணு அதைக் காய வைங்க. இல்ல, நீங்க வேற எங்கயாவது போய் இருங்க" என்று டாக்டர் சொன்னார். "இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு இன்னொரு வருஷம் அந்த வீட்டுல தாங்காது. நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்லல."

அன்று இரவுச் சாப்பாட்டில், புருஷன் டர்வுட் வாயில் சோளரொட்டி இருக்கும்போதே, நெல்டா விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"செப்டம்பர்ல லேபர் டே லீவு வருதே, அது வரைக்கும் பார்ப்பேன், டர்வுட். அதுக்குள்ள கீழ காயலேன்னா ரோவீனா வீட்டுக்குப் போயிடுவேன். பார்த்துட்டு வர்றதுக்கு இல்ல. அங்கயே இருக்கறதுக்கு."

ரோவீனா நெல்டாவின் அக்கா. கிரீன்வில் டவுனில் இரண்டாவது மாடியில் இருந்தாள். "என் வீட்டுக்கு அடியில ஒரு பல் டாக்டர்தான் இருக்காரு. அவரு நல்லாக் காஞ்சிதான் இருக்காரு" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அன்றைக்குச் சொன்னவளும் அவள்தான். டர்வுட்டுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. கிறிஸ்துமஸுக்கு ஒரே மேஜையில் உட்கார்ந்தால்கூட, வெண்ணெய் வேண்டுமென்றால் நெல்டா மூலமாகத்தான் கேட்பார்கள்.

நெல்டாவுக்குப் போக மனசில்லை. அவள் நட்ட புளூபெர்ரிச் செடிகள் இங்கே இருந்தன. அவள் பியானோ வாசிக்கிற சர்ச் இங்கே இருந்தது. எத்தனை எரிச்சல் மூட்டினாலும் இந்த மனுஷனும் இங்கேதான் இருந்தான். ஆனால் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ கீச்சென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் அவளைப் பயமுறுத்தியது.

"அட, இதுக்கா ரோவீனா வரைக்கும் போற?" என்றான் டர்வுட். "வீட்டுக்கு மூச்சு முட்டுது, அவ்வளவுதான். நல்லா மூச்சு விட வச்சுட்டா காஞ்சிடும்."

இந்த மூச்சுப் பேச்சு அவனுடையது அல்ல, அவன் அப்பாவுடையது. அந்த வீட்டை ஆல்டன் விட்லி தன் கையாலேயே கட்டினார். அடிச்சுவரில் சுற்றிலும், செங்கல்லுக்கு நடுவே, சின்னச் சின்ன இரும்பு ஜன்னல்கள் வைத்தார். வருஷா வருஷம் புனித வெள்ளியன்று காலை தோட்டத்தில் பீன்ஸ் விதைத்துவிட்டு, கையில் ஒட்டிய மண்ணோடு வீட்டைச் சுற்றி முட்டி போட்டுப் போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறப்பார். முதல் உறைபனி விழுந்த அன்று அதே மாதிரி போய் மூடுவார். "வீடும் ஒரு உயிர்தான், மூச்சு விடணும்" என்பார். அவர் கல்லறைக்குப் போய் எத்தனையோ வருஷமாகியும் அந்தச் சடங்கு நிற்கவில்லை. டர்வுட் ஈஸ்டர் ஆராதனைக்குப் போகாமல் இருந்தாலும் இருப்பான், ஜன்னல் திறக்காமல் இருக்க மாட்டான்.

மறுநாள் அவன் தன் வைத்தியத்தை ஆரம்பித்தான். சுவரை ஒட்டி வளர்ந்திருந்த அசேலியாப் பூச்செடிகளை எல்லாம் அடியோடு வெட்டினான், ஜன்னலுக்குக் காற்று வரவேண்டுமாம். ஜன்னல்களில் ஒட்டியிருந்த ஒட்டடையைத் தட்டினான். இரண்டு ஜன்னல்களுக்கு முன்னால் டேபிள் ஃபேன் வைத்து உள்ளே ஊத விட்டான். ஜூலை மாத மத்தியானம். வெளியே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. அந்தக் காற்றைத்தான் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். பிறகு வியர்த்து வழிய உள்ளே வந்து, ஏசியைப் பன்றிக்கறி வைக்கிற குளிர்க்கிடங்கு கணக்குக்குத் திருகிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தான்.

"இன்னும் ஒரு வாரம், மகராசி. காஞ்சு கருவாடாயிடும் பாரு."

ஒரு வாரம் கழித்துக் கூடத்துத் தரைப்பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டன. பியானோவுக்கு அருகே நடந்தால் காலடியில் தரை மெத்தென்று அமுங்கியது. நெல்டா இப்போது இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்தபடி தூங்கினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சர்ச் ஹாலில் சாப்பிடும்போது இந்த விவகாரம் மேஜைக்கு வந்தது. அங்கே ஒருவருக்குக் கீழே ஈரம் என்றால் போதும், ஆளாளுக்கு டாக்டராகிவிடுவார்கள். ஒருவர் சுண்ணாம்பு தூவச் சொன்னார். ஒருத்தி, பூனைக் கழிவுக்குப் போடுகிற ஈரம் உறிஞ்சும் மண்ணை மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொன்னாள். "உப்புக்கல் போடுங்க, எங்க மாமா போட்டாரு" என்றார் இன்னொருவர். அந்த மாமா வீடு பிறகு என்ன ஆயிற்று என்று நெல்டா கேட்டாள். இடிந்து விழுந்துவிட்டதாம், ஆனால் அது வேறு காரணமாம்.

"டேபிள் ஃபேன் எல்லாம் பத்தாது, டர்வுட்" என்றார் பிரதர் ஓடெல். அவர் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். இப்போது பண்ணையை மூடிவிட்டார், பேச்சை மட்டும் மூடவில்லை. "என் கோழிக் கொட்டகை ஃபேன் ஒண்ணு சும்மாக் கெடக்கு. ஆளையே தூக்கும். நாளைக்குக் கொண்டாந்து இறக்கறேன்."

"வேண்டாம் பிரதர்" என்றாள் நெல்டா.

"பரவாயில்ல சிஸ்டர், எனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"உங்களுக்குச் சிரமம்னு நான் சொல்லலையே."

சொன்னபடி கொண்டுவந்தே விட்டார். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான அந்த ஃபேனை இரண்டு பேருமாக உருட்டிக்கொண்டு போய், வீட்டுக்கடியில் நுழைகிற சின்னக் கதவுக்கு முன்னால் நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டார்கள். வீடே ஒருமுறை உலுக்கிக்கொண்டது. அடுத்த நிமிஷம், தரையில் பலகை இடுக்கு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் காற்று பீய்ச்சியடித்தது. காற்றோடு தூசி. தூசியோடு பழைய கோழி இறகு. அந்த ஃபேன் வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்து வைத்த கோழி வாடை மொத்தமும் நெல்டாவின் சமையலறையில் வந்து இறங்கியது. அவள் அப்போதுதான் வாழைப்பழப் புட்டிங்கை ஆற வைத்திருந்தாள். அதன் மேல் ஒரு வெள்ளை இறகு மெல்ல வந்து உட்கார்ந்தது.

"டர்வுட்!"

ஃபேன் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பயனில்லை. மர அறுவை மில்லில் காலமெல்லாம் வேலை பார்த்து அவன் காது பாதி போயிருந்தது, மீதிப் பாதியை அவன் தன் இஷ்டப்படிதான் உபயோகிப்பான்.

மூன்று நாள் ஓடிய பிறகு டர்வுட் ஃபேனை நிறுத்தி, கீழே தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு முகம் தொங்கிப்போய் வந்தான். குளிர் ஏறாமலிருக்க உத்தரத்தில் அடித்திருந்த கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்து கொத்துக் கொத்தாகத் தொங்குகிறதாம். "முன்னை விட ஜாஸ்திதான் நனைஞ்சிருக்கு" என்றான். பிறகு சற்று யோசித்து, "காத்து பத்தல போல" என்றான்.

நெல்டா கதவை அறைந்து சாத்திக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். கையில் ஐஸ் போட்ட டீ. குடிக்கக்கூட மனசில்லாமல் படியில் வைத்தாள். அழுகையாக வந்தது. ஒரு மனுஷன் கெட்டவனாக இருந்தால் விட்டுவிட்டுப் போய்விடலாம். நல்லவனாகவும் இருந்துகொண்டு, நாளெல்லாம் உழைத்துக்கொண்டும் இருந்து, உயிரையும் வாங்கினால் என்ன செய்வது? ஒரு பாட்டம் இருமி முடித்துவிட்டுப் பார்த்தபோது, டம்ளரைச் சுற்றிப் படியில் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. டம்ளர் ஓட்டையில்லை. டீ அப்படியே இருந்தது. வெளிக்காற்று அந்தச் சில்லென்ற கண்ணாடியில் பட்டுப் பட்டுத் தண்ணீராகி வழிந்திருந்தது.

அவள் டம்ளரைப் பார்த்தாள். படிக்குப் பக்கத்துச் சுவரில், ஆவென்று திறந்திருந்த இரும்பு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே அந்த மனுஷன் திருகி வைத்திருந்த ஏசி உறுமுவதைக் கேட்டாள்.

"அடப்பாவி மனுஷா" என்றாள் வாய்விட்டு.

அவன் மீன் தூண்டில் வாங்க டவுனுக்குப் போன நேரம் பார்த்து, அவனுடைய பழைய மில் உடுப்பை மாட்டிக்கொண்டு, தலையில் துணி கட்டி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையில் டார்ச்சோடு நெல்டா வீட்டுக்கடியில் நுழைந்தாள். அந்த வீட்டில் வாழ வந்த நாளிலிருந்து அவள் அதற்குள் போனதே இல்லை. முட்டிகள் இரண்டும் மண்ணில் பதிந்து கெஞ்சின. கால் நீண்ட பாச்சைகள் வெளிச்சத்தைக் கண்டதும் ஓடாமல் அவளை நோக்கியே தாவின, என்ன பிறவிகளோ. பாம்புச் சட்டை ஒன்று குழாயில் தொங்கியது. அதன் சொந்தக்காரன் ஊருக்குப் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு மேலே தவழ்ந்தாள்.

அவள் நினைத்தது சரியாக இருந்தது. வீட்டின் நடுவில் மண் வெறும் பதமாகத்தான் இருந்தது. ஜன்னல்களுக்குப் பக்கத்தில் போகப் போகத்தான் எல்லாம் சொட்டியது. ஏசிக் குழாயைத் தொட்டாள். டீ டம்ளரைத் தொட்ட மாதிரியே சில்லென்று, அதே மாதிரி வழவழவென்று நனைந்திருந்தது. தண்ணீர் மண்ணிலிருந்து ஏறவில்லை, மழையிலிருந்து வரவில்லை. ஜன்னல் வழியாக, காற்றோடு, இவர்களே அழைத்து வந்து உட்கார வைத்த விருந்தாளி அது.

சாயங்காலம் அவள் டர்வுட்டை உட்கார வைத்து எடுத்துச் சொன்னாள். டம்ளரையே கொண்டுவந்து முன்னால் வைத்துக் காட்டினாள்.

"ஜன்னலை மூடணும்ங்கறியா? ஆகஸ்ட்ல?" அவன் அவளை ஞானஸ்நானம் வேண்டாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஆமா. ஆகஸ்ட்லதான். எல்லாத்தையும்."

"எங்கப்பா இந்த வீட்டைக் கட்டின நாள்லேருந்து கோடையில இந்த ஜன்னல் மூடினதில்ல. அப்பல்லாம் கீழ தூசி பறக்கும், தெரியுமா? நான் சின்னப் பிள்ளையில அங்க படுத்து விளையாடியிருக்கேன்."

"அப்ப இந்த வீட்டுல ஏசி இருந்துச்சா?"

அவன் தொப்பியை எடுத்தான், வைத்தான்.

"அப்ப எங்கப்பாவை முட்டாள்ங்கற."

"நான் அவரைப் பத்திப் பேசவே இல்ல டர்வுட்! தண்ணியைப் பத்திப் பேசறேன்!"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அவன் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் பிரதர் ஓடெல்லோடு கடலுக்கு மீன் பிடிக்கப் போனான், மூன்று நாள். கார் தெருமுனை திரும்பியதும் நெல்டா கிளம்பினாள். மரக்கடையில் கெட்டித் தெர்மக்கோல் பலகையும், பெரிய பிளாஸ்டிக் விரிப்புச் சுருளும், காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சுகிற மெஷின் ஒன்றும் வாங்கினாள். பலகையை ஜன்னல் அளவுக்கு வெட்டி, உள்ளே தவழ்ந்து போய், ஒவ்வொன்றிலும் உட்புறமாக அடைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரும்புக் கதவுகள் திறந்தபடியே இருக்கும், டர்வுட்டுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக. மண் மேல் விரிப்பை இழுத்து இழுத்துப் பரப்பினாள். மெஷினை ஓட விட்டாள். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. வெளியே வந்து புல்லில் மல்லாந்து கிடந்தபோது, சர்ச்சில் பியானோ வாசிக்கிற கிழவி செய்கிற காரியமா இது என்று தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

டர்வுட் மீனோடு வந்தான். மெஷினின் முனகல் அவன் காதுக்கு எட்டவில்லை. நாட்கள் போகப் போக வீட்டிலிருந்து சாக்கு வாடை ஒதுங்கியது. செருப்பில் பச்சை படியவில்லை. நெல்டா ஒரே தலையணையில் படுத்து விடியும் வரை தூங்கினாள். ஒருநாள் காலை, காப்பி போட்டு முடித்த பிறகுதான், இன்று இன்னும் இருமவில்லை என்று அவளுக்கே உறைத்தது. சந்தோஷத்தில் கரண்டியோடு அப்படியே நின்றாள். இனி ரோவீனா வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

"பார்த்தியா? கோழி ஃபேன்!" என்றான் டர்வுட், மூக்கை உயர்த்தி மோந்து பார்த்துவிட்டு. "லேட்டாத்தான் வேலை செய்யும். ஆனா செஞ்சிடும்."

நெல்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். பெருமை யாருக்குப் போனால் என்ன, மூச்சு வந்தால் சரி. அந்த முடிவோடு அவள் சாகும்வரைகூட இருந்திருப்பாள். டர்வுட்தான் விடவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச் ஹாலில், கோழி வறுவலைக் கையில் பிடித்துக்கொண்டு, மேஜை மேஜையாகப் போய்ப் பிரசங்கம் செய்தான். திறக்கணும், ஊத விடணும், வீடு மூச்சு விடணும். எல்லாரும் தலையாட்டினார்கள். பிரதர் ஓடெல் தானே அந்த ஃபேனைப் பெற்றெடுத்தவர்போல உட்கார்ந்திருந்தார். அப்போது இளம் பாஸ்டர் எழுந்து வந்தார்.

"பிரதர் டர்வுட், எங்க வீட்டுக்குக் கீழயும் ஈரம்தான். குழந்தை ராத்திரியெல்லாம் மூச்சு வாங்குது. அந்த ஃபேனை எங்களுக்கும் கொஞ்சம் வச்சுக் குடுப்பீங்களா?"

"நாளைக்கே!" என்றான் டர்வுட்.

நெல்டா ஃபோர்க்கை வைத்தாள். பாஸ்டர் மனைவி மடியில் அந்தக் குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

"ஃபேன் வேண்டாம், பாஸ்டர்" என்றாள். "ஃபேன்ல காயல. நான்தான் உள்ள போயி எல்லா ஜன்னலையும் அடைச்சேன். மெஷின் வச்சேன். இவரு மீன் பிடிக்கப் போயிருந்தப்ப. ஃபேன் போட்டீங்கன்னா குழந்தைக்கு இன்னும் மோசமாயிடும்."

யாரோ எங்கேயோ "அப்படிப் போடு" என்று முணுமுணுத்தார்கள். டர்வுட் கோழித் துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தான், கை துடைத்தான், காருக்குப் போனான். வழியெல்லாம் ரேடியோ மட்டும் பேசியது.

வீட்டுக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவன் கீழே நுழைந்தான். நெல்டா சமையலறையில் நின்றபடி கேட்டாள், காலடியில் தெர்மக்கோல் பலகைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியப்படுவதை. மெஷினும் நின்றது. சொல்வதற்கு இருந்ததையெல்லாம் கோடை முழுக்கச் சொல்லியாயிற்று.

புதன்கிழமை இருமல் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டாவது தலையணை வந்தது. நெல்டா சனிக்கிழமை காலை பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்கினாள், கோபமாகக்கூட இல்லை, வெறும் அலுப்பாக. ரோவீனாவிடம் போனில் சொன்னபோது அவள் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லாமல் இருந்ததுதான் நெல்டாவை உடைத்துவிட்டது. பெட்டியைத் தானே இழுத்துப் போய்க் காரில் ஏற்றினாள். சொல்லாமல் போக முடியாதே என்று டர்வுட்டைத் தேடி வீட்டைச் சுற்றி வந்தாள்.

வீட்டின் பின்புறம், சமையலறைக்குக் கீழே, அவன் ஈரப் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். தலைமுடியெல்லாம் ஒட்டடை. மடியில் ஒரு தெர்மக்கோல் பலகை.

"எல்லாத்தையும் திரும்ப வச்சுட்டேன்" என்றான், அவளைப் பார்க்காமல். "மெஷினும் போட்டாச்சு. இது ஒண்ணு மட்டும் என்னால முடியல."

"ஏன்? அளவு சரியில்லையா?"

"அளவு சரியாத்தான் இருக்கு." அவன் பலகையின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்தான். "அப்பாவுக்குக் கடைசி வருஷம் முட்டி மடங்கல. எல்லா ஜன்னலையும் என்னைத் திறக்கச் சொன்னாரு. இதை மட்டும் தான்தான் திறப்பேன்னு நாற்காலி கொண்டாரச் சொல்லி, குனிஞ்சு திறந்தாரு. பனிக்காலம் வர்றதுக்குள்ள போயிட்டாரு. அப்புறம் இதை நான் மூடவே இல்ல."

"மூடவே இல்லையா?"

"இல்ல."

"பனியிலயும்?"

"பனியிலயும்."

நெல்டா அந்த ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலே அவளுடைய சமையலறைத் தொட்டி. "வருஷா வருஷம் ஜனவரியில என் தண்ணிக் குழாய் உறைஞ்சு வெடிக்குதே, நான் அடுப்புல பனிக்கட்டி உருக்கிக் காப்பி போடறேனே, அதெல்லாம் இதாலயா?"

"இருக்கலாம்" என்றான் டர்வுட்.

இந்த மனுஷனை அடிக்கலாமா கட்டிக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யலாம் போலிருந்தது. அவன் பலகையை அவளிடம் நீட்டினான்.

"நீ வச்சிடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

அவன் பின்னால் இருந்த சோயா வயல் பக்கம் திரும்பிக்கொண்டான். நெல்டா கெஞ்சும் முட்டிகளை மடக்கி உட்கார்ந்தாள். இரும்புக் கதவு துருவேறி இறுகியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, பலகையை வெளியிலிருந்தே சட்டத்துக்குள் மெல்லத் தள்ளினாள். அது போய் உட்கார்ந்துகொண்டது.

"ஆச்சா?"

"ஆச்சு."

அவன் உடனே திரும்பவில்லை. தோள் மட்டும் ஒருமுறை குலுங்கியது. அவள் இருமினாள், அவன் அதற்குத்தான் திரும்பினான்.

"ரோவீனாவுக்கு வரலைன்னு சொல்லிடேன்" என்றான்.

"நான் ஏன் சொல்லணும்? வரேன்னு நான் சொல்லியாச்சு. வரலைன்னு நீ சொல்லு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஜன்னலே தேவலை என்று தோன்றியிருக்கும். ஆனாலும் எழுந்து போனான். நெல்டா பெட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தபோது கூடத்தில் அவன் குரல், காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி ஊருக்கே கேட்கும்படி, ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"டர்வுட் பேசறேன், ரோவீனா... இல்ல, நல்லாத்தான் இருக்கா. அவ வரல... ஏன்னா, மூடியாச்சு. எல்லாத்தையும்." சற்று நேரம் மறுமுனை பேசியது. பேசட்டும் என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான், அதுவே அதிசயம். பிறகு சொன்னான்: "எங்கப்பா சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. அவர் காலத்துல ஏசி கிடையாது. அவரோட ஜன்னலும் வேணும், ஏசியும் வேணும்னு நான்தான் ரெண்டையும் வச்சுக்கிட்டேன். அவ நெஞ்சைக் கெடுத்தது நான்தான், ரோவீனா. என் தப்பு."

நெல்டா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. கோழி இறகு புட்டிங்கில் விழுந்த அன்றுகூட வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, கூடவே கோபமும் முட்டியது. இத்தனை நாள் இந்த வீட்டுக்குள் பக்கத்திலேயே இருமிக்கொண்டு படுத்திருந்தவள் நான், போயும் போயும் அதை ரோவீனாவிடமா சொல்ல வேண்டும் இந்த மனுஷன்!

"டர்வுட்!" என்று கத்தினாள். "போனை வச்சுட்டு இங்க வா. அதை என்கிட்ட சொல்லு."